அல்ஹம்துலில்லாஹ் சொல்ல முடியாமல் போன நாலு மாதம்

ஐந்து வருடத்துக்கும் மேலாக, என் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, கெட்டுப்போக வேண்டும் என்று அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டு தொடங்கினால், பிறகு சொல்லப்போகிற எதிலும் உண்மை இருக்காது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் கூடி ஓதுகிற சகோதரிகள்தான் இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். நடந்தது நடந்த மாதிரியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸெய்னம்பு. ஊர் கல்முனைக்குடி. என் கணவர் ஆதம்பாவா இறக்காமத்தில் வயல் செய்கிறவர். எங்கள் உம்மா முன்பே இறந்துவிட்டார்; வாப்பாவும் மௌத்தானபோது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு என்னை வளர்த்து, நிக்காஹ் முடித்துக் கொடுத்தது என் ஒரே காக்கா இஸ்மாலெப்பைதான். எங்கள் வழக்கப்படி அவர் கல்யாணம் முடித்து மதினியின் வீட்டுக்குப் போனார். அது பெரிய தெருவை ஒட்டிய கல்வீடு. எங்களுடையது கடற்கரைப் பக்கம், களிமண் சுவரும் தென்னங்கிடுகுக் கூரையும்.

1978 நவம்பர் சூறாவளியை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அன்று என் கணவர் இறக்காமத்தில் வயல் காவல் குடிசையான வாடியில் இருந்தார். வீட்டில் நானும் பிள்ளைகள் இருவரும்தான். மகள் ஃபரீதாவுக்கு ஆறு வயது. மகன் நஸீர் எட்டு மாதக் குழந்தை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு காற்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் கூரை மொத்தமாகப் போய்விட்டது. சுவர் கரைந்து இறங்கத் தொடங்கியது. மகனை மார்போடு சேலையால் கட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினேன். காக்காவின் வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்ற ஒரே நினைப்புதான்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கதவைத் தட்டினேன். "காக்கா, நான் ஸெய்னம்பு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜன்னல் இடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ஆட்கள் நடமாடும் நிழலும் தெரிந்தது. இரண்டு கையாலும் அடித்தேன். கல்லெடுத்துத் தட்டினேன். கதவு திறக்கவில்லை.

திரும்பி ஓடும்போதுதான் எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் ஃபரீதாவின் காலில் வெட்டியது, குதிகாலுக்கு மேலே. அவள் விழுந்துவிட்டாள். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த நெல் மில்லில் யாரோ கதவைத் திறந்து எங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் என் கணவர் இறக்காமத்திலிருந்து விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலால் நடந்தே வந்து எங்களைக் கண்டுபிடித்தார். ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர்மார் பாடுபட்டுக் காயத்தை ஆற்றிவிட்டார்கள். அறுந்த நரம்பு ஒட்டவில்லை. அன்றிலிருந்து என் மகள் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

அவள் முற்றத்தில் நடக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வரும்.

மூன்று வாரம் கழித்துக் காக்கா வந்தார். தோளில் அரிசிச் சாக்கு. கையில் கிடுகுக் கட்டு. எங்கள் குடிசை இருந்த இடத்தில் நாங்கள் போட்டிருந்த கொட்டிலின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்:

"எனக்கொரு காக்கா இருந்தாரு. சூறாவளியில மௌத்தாப் போயிட்டாரு. நீங்க யாரு?"

அவர் சாக்கை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தெருவுக்கு இழுத்துப் போய்ப் போட்டேன். அதன் பிறகும் பெருநாளைக்குப் பெருநாள் ஆள் அனுப்பினார். நான் முகம் கொடுக்கவில்லை. என் கணவர் பொறுமையான மனிதர். "ஒடப்பொறந்தவரோட மூணு நாளைக்கு மேல கதைக்காம இரிக்கக் கூடாது எண்டு உனக்குத் தெரியாதா புள்ள?" என்று கேட்டுப் பார்த்தார். "மகள்ட கால் சுகமாகட்டும். அண்டைக்குக் கதைக்கிறன்" என்றேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த நாட்களிலும் நான் ஐந்து நேரமும் தொழுதவள்தான். ஆனால் தொழுது முடித்துக் கையேந்தினால் முதலில் வாயில் வருவது காக்காவின் பெயர். யா அல்லாஹ், என் பிள்ளைக்கு நடந்ததை நீ பார்த்துக்கொண்டிருந்தாய், அவரைச் சும்மா விடாதே என்பேன். அப்படிக் கேட்டுவிட்டு எழும்பும்போது ஒரு நிம்மதி வரும். புண்ணைச் சொறிந்தால் வருகிற நிம்மதிதான் அது. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

1984 பெப்ரவரி மாதம். பெரும்போக நெல் வேளாண்மை விளைந்து வெட்டுக்கு நின்றது. காக்காவுக்கும் இறக்காமத்தில்தான் வயல். ஒரு பகல், நான் அடுப்பில் சோறு வைத்திருந்த நேரம், என் கணவர் சைக்கிளைச் சாத்திவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"இஸ்மாலெப்பைக் காக்காட வேளாண்மை முழுக்கப் போயிட்டு புள்ள. யானைக் கூட்டம் இறங்கிரிக்கி. ஒரு கதிர் மிச்சமில்ல. அந்த மனுசன் வரம்புல குந்திக்கொண்டு அழுறாரு."

நான் அடுப்புக்கு முன்னால் இருந்தபடியே சொன்னேன்: "அல்ஹம்துலில்லாஹ்."

என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் என்னை அடித்ததும் இல்லை, ஏசியதும் இல்லை. அன்று அவர் பார்த்த பார்வையை அடியாக வாங்கியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"அந்தச் சொல்ல எதுக்குச் சொன்ன நீ?" என்றார். "பசிச்ச புள்ளைக்குச் சோறு கிடைச்சாச் சொல்ற சொல்லு அது. ஒரு மனுசன் அழுறதுக்கா சொல்ற?"

அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

அன்று மாலை அஸர் தொழ நின்றேன். தக்பீர் கட்டினேன். சூரத்துல் ஃபாத்திஹா ஓத வாயெடுத்தேன். பிஸ்மிக்கு அடுத்து வருவது 'அல்ஹம்துலில்லாஹ்' என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லில் என் நாக்கு நின்றுவிட்டது. கண்ணுக்கு முன்னால் வரம்பில் குந்தியிருந்து அழுகிற காக்கா. உம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரி விட்டவர். எண்ணெய் தேய்க்கத் தெரியாமல் கண்ணிலும் மூக்கிலும் வழிய வழியத் தேய்த்தவர். அவர் அழுததற்கு நான் இதே சொல்லால் நன்றி சொல்லியிருக்கிறேன். இப்போது அதே சொல்லோடு யார் முன்னால் நிற்கிறேன்?

ஓதி முடித்தேன். ஆனால் சொல் வாயோடு நின்றது. உள்ளே இறங்கவில்லை.

அன்றிலிருந்து நாலு மாதம் இப்படித்தான். தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் அந்த இடத்தில் மூச்சு முட்டும். நெஞ்சு இறுகும். பிறகு தொழுகைக்கு வெளியிலும் இறுகத் தொடங்கியது. சோறு இறங்கவில்லை. இரண்டு கவளத்துக்கு மேல் வைத்தால் திரும்பி வரும். தூக்கம் போய்விட்டது. சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயின. டாக்டரிடம் காட்டினோம். படம் எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். "உடம்பில் ஒரு நோயும் வருத்தமும் தெரியவில்லையே அம்மா" என்றார் டாக்டர். ஓதிப் பார்க்கிறவரிடம் என் மாமி கூட்டிப் போனார். அவர் தண்ணீர் ஓதித் தந்தார். எனக்குத் தெரியும், கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. நான் கையேந்திக் கேட்ட துஆதான் என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் யாரிடம் சொல்வது? வெட்கம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காக்காவை மன்னிக்கலாம் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். பயம் வேறு, மன்னிப்பு வேறு. மனதில் கோபம் அப்படியே இருந்தது. அதோடு பயமும் சேர்ந்துகொண்டது.

நோன்பு வந்தது. அந்த வருடம் ஜூன் மாதத்து வெயிலில் நோன்பு. உடம்பில் பலமில்லாததால் என் கணவர் விடச் சொன்னார். நான் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நோன்பு போயிருக்கும். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயான முஸல்லாவிலேயே இருந்தேன். எழும்பப் பலமில்லை. கையை ஏந்தினேன். வழக்கமாகக் கேட்கிற எதுவும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அப்போது நான் கேட்டதைச் சொல்கிறேன், அலங்காரமாக ஒன்றுமில்லை:

"யா அல்லாஹ், என்னால இதத் தூக்க ஏலாது. மன்னிக்கவும் எனக்குத் தெரியல்ல. நீ எடுத்தா எடு. எடுக்கல்லயெண்டா நான் இப்படியே போயிருவன்."

அவ்வளவுதான். ஆமீன் என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றடியில், ஃபரீதா கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நஸீர் பக்கத்தில் நின்று என்னவோ நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் கேட்டது என் காதில் விழுந்தது.

"ராத்தா, உங்கட கால் வெட்டின அண்டைக்கு நீங்க அழுதீங்களா?"

"அழுதன் தான். பொறகு அழல்ல."

"ஏன்?"

"பூமணி அக்கா மடியில வெச்சிருந்தாங்க. அவங்கட சீலையக் கிழிச்சிக் கட்டி உட்டாங்க. உமியில மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தந்தாங்க. அந்தக் கெழங்கு மாதிரி நான் ஒரு நாளும் தின்னல்ல தம்பி. நீ அவங்கக்கிட்டத்தான் பால் குடிச்ச. உம்மாக்குக் காய்ச்சல். பால் வத்திட்டு. நீ கத்திக்கொண்டே இருந்த. பூமணி அக்கா தூக்கி வெச்சிக் குடுத்தாங்க. மூணு நாளும் அவங்கதான் குடுத்தாங்க."

"அவங்க இப்ப எங்க?"

"தெரியா. உம்மா ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போகல்ல."

ஏந்திய கையை இறக்காமலே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளே, நான் மேலே இந்தக் கதையை எழுதும்போது அந்த மில்லைப் பற்றி எத்தனை வரி எழுதினேன் என்று பாருங்கள். யாரோ கதவைத் திறந்தார்கள், மூன்று நாள் இருந்தோம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். என் மனதிலும் அவ்வளவுதான் வைத்திருந்தேன். ஒரே இராத்திரியில் ஒரு கதவு மூடியது, ஒரு கதவு திறந்தது. மூடிய கதவை ஐந்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் கொண்டு போனேன். திறந்த கதவை ஒரு தடவைகூடக் கொண்டு போகவில்லை. காலில் வெட்டு வாங்கிய பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது கிழங்கும் மடியும். அவள் பேச்சில் அந்தக் கதவு வரவேயில்லை.

பூமணி அக்கா யாரென்றால், பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண். அவர் கணவர் கடல் தொழில் செய்பவர். மாரி காலத்தில் கடலுக்குப் போக முடியாது என்பதால் அந்த மில்லில் காவலுக்கு இருப்பார். மில்லுக்குப் பின்னால் உள்ள அறையில்தான் இரண்டு பேரும் தங்குவார்கள். காற்றின் இரைச்சலுக்குள் ஒரு பிள்ளையின் அழுகை கேட்டு, அந்தப் பெரிய கதவை இரண்டு பேருமாகத் தள்ளித் திறந்தவர்கள் அவர்கள்தான். எங்களில் ஐந்து தடவையாவது ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்தவள் அதற்குத் தாய் என்பது மார்க்கம். மூன்று நாள் பால் கொடுத்திருக்கிறார். என் மகனுக்கு இன்னொரு உம்மா, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர நடைத் தூரத்தில் இருக்கிறார். நான் அவருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. போய்ப் பார்ப்போம் என்று ஆரம்பத்தில் ஒரு தடவை என் கணவர் சொன்னபோது, "பொறகு பார்ப்பம்" என்றவள் நான்.

அன்று நோன்பு திறந்ததும் என் கணவரிடம் சொன்னேன்: "நாளைக்குப் பாண்டிருப்புக்குப் போகணும். மில்லுல இருந்த அந்தப் பொம்புளையப் பார்க்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஓம், போவம்" என்றார்.

மறுநாள் காலையில் நாலு பேரும் போனோம். என்ன கொண்டு போவதென்று தெரியவில்லை. நான் தைத்து வைத்திருந்த ஒரு துணி, கொஞ்சம் பேரீச்சம்பழம். கடற்கரையில் விசாரித்தோம். வலை காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டு வளவைக் காட்டினார்கள். பூமணி அக்கா கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் என்னை அடையாளம் காணவில்லை. ஃபரீதா நாலு அடி நடந்தாள். அந்த நடையைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டார்.

"ஐயோ, என்ட புள்ள!"

ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டார். பிறகு நஸீரைப் பார்த்தார். கிட்டே வரவில்லை. "தொடலாமா?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் மகனைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "போ மகன். உனக்குப் பால் தந்த உம்மா" என்றேன்.

பாயைப் போட்டு எங்களை இருத்தினார். தேநீர் வைக்கப் போனவரிடம் நோன்பு என்றோம். அவர் தானும் தண்ணீர் குடிக்காமல் எங்களோடு இருந்தார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, என்னை மன்னிச்சிருங்க. இத்தின வருசம் நான் வரல்ல. ஒரு வார்த்த சொல்லல்ல. நீங்க இல்லாட்டி என்ட புள்ளைகள் இல்ல."

அவர் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, அந்த நேரம் எனக்கு எப்படிப் பால் இருந்தது எண்டு நீங்க கேட்கல்ல."

உண்மைதான். நான் கேட்டதே இல்லை. அந்த மூன்று நாளும் அவர் கையில் ஒரு குழந்தையையும் நான் காணவில்லை. அதை யோசிக்கவும் இல்லை.

"என்ட மகள் பொறந்து இருபத்தஞ்சாம் நாள் காய்ச்சல்ல போயிட்டு. புள்ளையப் பறிகுடுத்து எட்டு நாள். நெஞ்சு கட்டிப்போய் வேதனை. கொல்லைக்குப் போய்ப் பீச்சி ஊத்துவன். ஊத்தக்கொள்ள உசிரே போகும். இனி நான் ஏன் இரிக்கணும் எண்டு நினைச்சிக்கொண்டிருந்த நேரந்தான் காத்து வந்தது. அண்டைக்கு உங்கட புள்ள என்ட நெஞ்சில வாய் வெச்சிது பாருங்க, அப்பத்தான் நான் அழுதன். அது வரைக்கும் எனக்கு அழுகையே வரல்ல. நீங்க காய்ச்சலோட கிடந்தீங்க, உங்களுக்குத் தெரியா. நீங்க எனக்கு நன்றி சொல்ல வேணாம். நாந்தான் சொல்லணும். அந்த மூணு நாள் இல்லாட்டி எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்."

என் கணவர் எழுந்து கடலைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். நஸீர் ஒன்றும் விளங்காமல் பூமணி அக்காவின் வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அவருடைய மகன், நாலு வயதுக்காரன், ஒரு சங்கைக் கொண்டு வந்து ஃபரீதாவிடம் கொடுத்தான். சூறாவளிக்குப் பிறகு பிறந்த பிள்ளை.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. நான் சொல்லவில்லை, அதுவாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ். நாலு மாதமாக நெஞ்சில் கட்டியாக நின்றது கரைந்து கண்ணால் இறங்கியது. என் நெஞ்சு இளகுவதை உடம்பில் உணர்ந்தேன். டாக்டருக்குத் தெரியாத வருத்தம் அது. அல்லாஹ்வுக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் அஸருக்குக் கேட்டேன். மறுநாள் நண்பகல் ளுஹருக்கு முன்னால் எடுத்துவிட்டான்.

திரும்பி வரும் வழியில் காக்காவின் வீட்டுத் தெருவால் பஸ் போகும். நான் இறங்க வேண்டும் என்று சொன்னேன். என் கணவர் மணியை அடித்தார்.

அந்தக் கதவுக்கு முன்னால் மறுபடியும் நின்றேன். எனக்குள்ளே பார்த்தேன். கோபத்தைத் தேடினேன் என்றுகூடச் சொல்லலாம். இருந்த இடத்தில் இல்லை. ஸலாம் சொல்லித் தட்டினேன். காக்காவே திறந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் விலகி வழி விட்டார். நாங்களாகப் போய் இருந்தோம். மதினி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காக்கா தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "தங்கச்சி, கேட்கல்ல எண்டு சொன்னா அது பொய். எனக்குக் கேட்டது. உன்ட சத்தம் எண்டும் தெரிஞ்சது. உள்ள ஒம்பது பேர். அலுமாரியக் கதவுக்கு முட்டுக் குடுத்துப் புடிச்சிக்கொண்டிருந்தம். தொறந்தா ஓடு போயிரும், எல்லாரும் போயிருவம் எண்டு கத்தினாங்க. நான் பயந்திட்டன். என்ட கையால தொறந்திருக்கலாம். நான் தொறக்கல்ல. அவ்வளவுதான். இதுக்கு மேல சொல்ல எனக்கிட்ட ஒண்ணுமில்ல."

இத்தனை வருடமாக நான் அவரிடமிருந்து எதிர்பார்த்தது பொய்யைத்தான். 'காற்று இரைச்சலில் கேட்கவில்லை' என்பார், அதை வைத்து இன்னும் கோபப்படலாம் என்று எங்கோ ஓர் ஆசை இருந்தது. அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த உண்மை வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் நானும் பொய் சொல்கிறவளாவேன். ஆனால் வலி வந்து போய்விட்டது. முன்னைப் போல உட்காரவில்லை.

"காக்கா, நானும் ஒண்டு சொல்லணும்" என்றேன். "அஞ்சு வருசமா நீங்க கெட்டுப்போகணும் எண்டு உங்களுக்கு பதுஆ செஞ்சன். தொழுது தொழுது செஞ்சன். உங்கட வேளாண்மை போனதக் கேட்டு சந்தோசப்பட்டன். நீங்க என்னை மன்னிங்க. நான் உங்கள மன்னிச்சிட்டன், அல்லாஹ்க்காக."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஃபரீதாவின் காலைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். பெரிய மனிதர் அழுதால் எப்படித் தேற்றுவதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஃபரீதாதான் எழும்பிப் போய் அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

"மாமா, நோன்போட இவ்வளவு அழுதா நாக்கு வறண்டு போகும். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் கனக்க நேரம் இரிக்கி."

அழுதுகொண்டே சிரித்துவிட்டார். நாங்களும்தான். அன்று அங்கேயே நோன்பு திறந்தோம். கஞ்சி மூன்று கோப்பை குடித்தேன். ஒரு சொட்டும் திரும்பி வரவில்லை. என் கணவர் என் கோப்பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மகளின் கால் அப்படியேதான் இருக்கிறது. அவள் இப்போது பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள். மதினி என்னோடு பேச இன்னும் ஒரு வருடம் எடுத்தது. அவருக்கும் ஒரு வெட்கம் இருந்திருக்கும். காக்கா அந்த வருடம் வயல் செய்ய முடியாமல் கஷ்டப்பட்டார். அடுத்த போகத்தில் என் கணவரும் அவரும் ஒரே வாடியில் காவல் இருந்தார்கள். எங்கள் ஊர்களுக்கும் தமிழ் ஊர்களுக்கும் இடையில் கலக்கம் வந்த காலத்தில் பாண்டிருப்புப் பக்கம் போக முடியாமல் பல மாதம் இருந்தோம். அந்த மாதங்களில் பூமணி அக்காவின் பெயரைச் சொல்லித் துஆ கேட்காமல் நான் முஸல்லாவிலிருந்து எழும்பியதில்லை. பாதை அமைதியானதும் முதலில் வந்தது அவர்தான், ஒரு பெரிய பாரை மீனோடு. நஸீர் அவரை 'பூமணி உம்மா' என்றுதான் கூப்பிடுகிறான். அவர் அதைக் கேட்பதற்காகவே நாலு தடவை கூப்பிட வைப்பார்.

கோபம் எனக்கு இப்போதும் வருகிறது. நான் பாவமில்லாத மலக்கு இல்லை. கடையில் ஆள் ஏமாற்றினால் கோபம், மாமி குத்திப் பேசினால் கோபம். அதை அடக்கப் பார்த்தால் என்னால் முடிவதில்லை. அதற்குப் பதிலாக, விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு இருந்து, எனக்கு நன்மை செய்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அல்லாஹ்விடம் சொல்கிறேன். வாப்பா. தலை வாரிய காக்கா. மில்லில் கதவு திறந்த இருவர். ஒன்றும் கேட்காமல் என்னோடு பாண்டிருப்புக்கு வந்த என் மனிதர். சொல்லச் சொல்லப் புதுப் பெயர்கள் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிலேட் தந்த பெண், கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துத் தந்த மனிதர். எத்தனை பேர்! முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். எனக்குத் தீமை செய்தவர்களின் முறை வருவதேயில்லை.

இதை வாசிக்கிற சகோதரி, உன் நெஞ்சிலும் ஏதாவது கட்டிக்கொண்டு நிற்கலாம். மன்னித்துவிடு என்று உன்னை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். எனக்கே அது தெரியாமல்தான் இருந்தது. தெரியாது என்று அல்லாஹ்விடம் சொல்லிவிடு. வெட்கப்படாதே, அவன் உன் வாயிலிருந்து அதைக் கேட்கக் காத்திருக்கிறான். பிறகு, நீ இன்னும் நன்றி சொல்லாத ஒருவர் எங்கோ இருப்பார். அந்தப் பெயரைத் தேடிப் பிடி. பஸ்ஸில் போகிற தூரமாக இருந்தால் நாளைக்கே போ. எனக்கு அவன் தந்த மருந்து அதுதான். உனக்கும் தருவான், இன்ஷா அல்லாஹ்.